அரைப்பேர்

தொலைக்காட்சியில் தலைவர்
தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார்.
கடன் வாங்காத மனிதராம்.
கிணற்றைத் தானே வெட்டி,
தண்ணீர் கண்ட இரவில் அழுதாராம்.
சொல்லும்போது தலைவருக்கும் குரல் இறங்கியது.
பொய்யில்லை அது.
பொய்யாக இருந்திருந்தால்
எப்படியாவது பேசித் தீர்த்திருக்கலாம்.

மறுவாரம்
உரக்கப்பல் துறைமுகத்தோடு திரும்பிப் போனது.
டொலர் மிச்சம், மண் சுத்தம்,
இனி நாடு சொந்தக் காலில் என்றார்கள்.
பொகவந்தலாவையில்
பால்மா வரிசை
பஸ் நிலையத்தைத் தாண்டியது.

நான் தராசுக்காரன்.
இருபது கிலோவுக்கு ஒரு பேர்,
குறைந்தால் அரைப்பேர்.
இதைத் தவிர நான் பொருளாதாரம் படித்ததில்லை.

வைகாசியில் இருபத்திரண்டு.
ஆவணியில் பதினேழு.
ஐப்பசி மழைக்கும் துளிர்க்காமல்
ஏழாம் நம்பர் மலை
காமாலைக் கண்ணாய்க் கிடந்தது.
கூட்டெரு போடச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது.
ஏக்கருக்கு எத்தனை தொன் என்று அதில் இருந்தது,
எந்த மாட்டிடம் கேட்பது என்று இல்லை.
எங்கள் லயத்தில் மொத்தம் மூன்று மாடு,
அதிலும் ஒன்று கன்று.

கிலோவைக் குறைக்க மேலிடம் விடாது என்றார் துரை.
கொழும்பு விடாது என்றது மேலிடம்.
கொழும்பில் ஒருவர்
தன் தகப்பனின் கிணற்றை
எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யோகமலர் கூடையை இறக்கினாள்.
பதினொன்றரை.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று கழித்து
ஒன்பதரை.
"சொந்தக் காலுல நிக்கணுமாமே ஐயா" என்றாள்,
அட்டை கடித்த கணுக்காலில்
சவர்க்காரத் துண்டைத் தேய்த்தபடி.
"நாங்க வேற யாரு காலுல நின்னோம்?
காலு இருக்கு.
அதுக்குக் கீழ இருக்குற மண்ணுதான்
கம்பெனியோடது."

வரிசையில் சிரித்தார்கள்.
நான் சிரிக்கவில்லை,
பேனா என் கையில் இருந்தது.

அடுத்த வருஷம் உரம் வந்தது,
நாலு மடங்கு விலையில்.
தவறு நடந்ததாகத் தலைவர் ஒப்புக்கொண்டார்,
நம்பிக்கை மட்டும் சரியானதுதானாம்.
பேரேட்டைப் புரட்டினேன்.
அரை, அரை, அரை, அரை என்று
பக்கம் பக்கமாக என் கையெழுத்து.
அந்த அரைகளை முழுசாக்கும் சுற்றறிக்கை
இதுவரை வரவில்லை.

மழை நாளில் யோகமலரின் மகன்
பழைய யூரியாச் சாக்கைத் தலையில் கவிழ்த்து
பள்ளிக்கூடம் போகிறான்.
முதுகில்
ஏதோ ஒரு நாட்டின் பேர்,
முழுதாக.