அசையும் சொத்து

பழையபேட்டையில் கடல் இல்லை.
கிருஷ்ணகிரிக்கே கடல் இல்லை.
ஆனாலும் நகைக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில்
வாசலை அடைத்துக்கொண்டு
ஒரு கப்பலின் மூக்கு நிற்கிறது.
நுனியில் பாம்புத்தலை.
அதன் நாக்கில் யாரோ
எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத்
தொங்கவிட்டிருக்கிறார்கள்.

மூன்று தவணை பாக்கி.
கோப்போடு உள்ளே போனேன்.

"வசூல் மேடம்" என்று
அடுக்களைக்குள் ஒரு குரல் போனது.
வெளியே வந்தவன் தலையில் கொம்பு.
வண்டி ஓட்டும் ஹெல்மெட்தான்,
இரண்டு பக்கமும் பசை வைத்து ஒட்டியது.
டெலிவரிக்கும் இதையே போட்டுப் போவானாம்.
ராயக்கோட்டை மேம்பாலத்தில் போலீஸ்காரர்
சிரித்துவிட்டு விட்டுவிடுவாராம்.
பெயர் திம்மராஜ், வேப்பனப்பள்ளி.
மே மாதத்தில் தோளில் போலி ரோமத்தோல்.
அதற்குக் கீழே வியர்வை ஓடிப்
பனியனில் ஏதோ ஒரு தேசத்தின் வரைபடம்.

பாபாஜான் பாய் நார்வேயில்
சுற்றுலாக் கப்பலில் ஆறு வருடம் சமைத்தவர்.
மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து நிற்குமாம்.
"நம்ம சையத் பாஷா மலைக்கு அடியில
தண்ணி ஏறி வந்து நின்ன மாதிரி, மேடம்."
இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்
எங்கள் வங்கி எட்டு லட்சம் கொடுத்திருக்கிறது.

சாப்பிட்டுட்டுப் பேசலாம் என்றார்.
வேண்டாம் என்றேன். விதி அப்படி.
காலையில் குந்தாரப்பள்ளியில் ஒரு டிராக்டர்,
அப்புறம் காவேரிப்பட்டணத்தில் பூட்டிக் கிடந்த ஒரு வீடு.
வயிறு விதியைப் படிக்கவில்லை.

மரப்பலகையில் வந்தது
அணையில் பிடித்த ஜிலேபி மீன்,
மாங்கட்டைப் புகையில் ஒரு பகல் தொங்கியது.
மெனுவில் 'கடலோடி ரொட்டி' என்றிருப்பது
கேழ்வரகு அடை, கொஞ்சம் கனமாக.
கொம்பில் மோர்.
தேன்மது கிடையாது,
ஐந்து வேளை தொழுகிற மனிதர்.
கொம்பைக் கீழே வைக்கவும் முடியாது, சாய்ந்துவிடும்.
ஒரு கையில் மோர், ஒரு கையில் மீன்,
கோப்பைத் திறக்க எனக்கு மூன்றாவது கை இல்லை.

சுவர் முழுக்கக் கோடாலி, கேடயம்.
படத்தில் தாடிக்காரர்கள் ஒரு கரையில் இறங்குகிறார்கள்.
குடிசைகள் எரிகின்றன.
ஒரு பெண் பானையை அணைத்துக்கொண்டு ஓடுகிறாள்.
மென்றுகொண்டே பார்த்தேன்.
போன வாரம் நானும் ஒரு வீட்டிலிருந்து
கிரைண்டரைத் தூக்கி வரச் சொன்னேன்.
அந்தப் பெண் ஓடவில்லை.
உள்ளே கிடந்த ஊறின அரிசியை மட்டும்
ஒரு குண்டானில் வாங்கிக்கொண்டாள்.

மேலே மலையில் கோட்டை.
வரி கேட்டும் கப்பம் கேட்டும் வந்தவர்கள் எல்லாம்
இந்தத் தெருவில்தான்
குதிரைக்குத் தண்ணீர் காட்டியிருப்பார்கள்.
அவர்களுக்கும் யாரோ சோறு போட்டிருப்பார்கள்.

கை கழுவிவிட்டுப் பட்டியல் எழுதினேன்.
குளிர்பெட்டி ஒன்று. அடுப்பு இரண்டு.
கேடயம் பதினொன்று, பிளாஸ்டிக்.
கப்பல் ஒன்று.
படிவத்தில் கப்பலுக்கு இடமில்லை.
குனிந்து அடியில் டார்ச் அடித்தேன்.
பலகையில் பாதி அழிந்த முத்திரை:
செந்தூரா, 20 கிலோ, மேல்பக்கம்.

மாம்பழப் பெட்டி செய்கிற ஆசாரி கட்டினதாம்.
"ராமேஸ்வரத்துல ஒரு தடவை கடலைப் பார்த்திருக்காரு,
அதுவும் இருட்டுல" என்றான் திம்மராஜ்.
கொம்பைக் கழற்றி மேசையில் வைத்திருந்தான்.
நெற்றியில் சிவப்பாக ஒரு வளையம்.

பில் இருநூற்று முப்பது.
வாங்க மாட்டேன் என்றார் பாய்.
வாங்கினால்தான் தவணைக்கு ரசீது என்றேன்.
ஒரு தவணை வந்தது, நூறும் ஐம்பதும் பத்துமாக.
மீதிக்கு, சீசன் சூடு பிடிக்கட்டும்,
கூழ் ஃபேக்டரி லாரிக்காரங்க வருவாங்க என்றார்.
அதையும் எழுதிக்கொண்டேன்.

மாலை கிளையில்
காசாளர் நோட்டை முகர்ந்து பார்த்தார்.
மேலாளர் படிவத்தில் விரல் வைத்தார்.
அசையும் சொத்தா, அசையாச் சொத்தா?
ஏன் இரண்டிலும் டிக் இல்லை?

தரையோடு ஆணி அடித்திருக்கிறது, சார்.
ஆனால் தெருவில் லாரி போனால்
துடுப்பெல்லாம் கொஞ்சம் ஆடுகிறது.