சிவப்புக் குழாய்

ஃபஹாஹீலில் இன்று வானம் இல்லை.
எதிர்க் கட்டடத்தின் ஐந்தாம் மாடி வரைக்கும்தான் உலகம்,
அதற்கு மேல் மஞ்சள் தூள்.
பிரிஜிட் முகமூடியை இறுக்கிக்கொண்டு
ஆஸ்பத்திரி வேனில் ஏறிப் போய்விட்டாள்.
விசா மாற்றும் தாள் வரும்வரை
நானும் ரெனிஷாவும்,
இரண்டு அறை, ஒரு ஏசி,
பன்னிரண்டு மணி நேரம்.

கைப்பேசி தரக்கூடாது என்பது உத்தரவு.
கொண்டைக்கடலையையும் ராஜ்மாவையும்
ஒரே சட்டியில் கொட்டிக் கலக்கி
"பிரி பார்க்கலாம்" என்றேன்.
நிறம் பார்ப்பாள் என்று நினைத்தேன்.
அவள் ஒவ்வொன்றாய்த் தரையில் உருட்டிப் பார்த்தாள்.
ஓடியவை ஒரு பக்கம்,
ஓடாமல் படுத்துக்கொண்டவை ஒரு பக்கம்.
ஓடுகிறதெல்லாம் வேலைக்குப் போகிறதாம்.
படுத்திருக்கிறதெல்லாம் அப்பாவாம்.

சரி.
பயறு போதும் இன்றைக்கு.

நேற்றிரவே ஒரு லபன் டப்பாவில்
பிளாஸ்டிக் ஒட்டகத்தைப் போட்டு, தண்ணீர் ஊற்றி
உறைய வைத்திருந்தேன்.
"பாவம், மாட்டிக்கொண்டது, நீதான் காப்பாற்றணும்."
உப்புத் தூவினாள். ஊதினாள்.
"வெளிய வா" என்று அதட்டிப் பார்த்தாள்,
பிரிஜிட் என்னை எழுப்புகிற அதே குரலில்.
காதும் திமிலும் மட்டும் வெளியே வந்தன.
பிறகு "சுடுதண்ணி!" என்று
குளியலறைக்கு ஓடி
முக்காலியில் ஏறித் திறந்தாள்
நீலக் குழாயை.

"அது இல்லை" என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஆவி பறந்தது.

மொட்டைமாடித் தொட்டியில் பகலெல்லாம் வெந்து
குழாய்க்குள் இறங்குகிற ஜூலைத் தண்ணீர்.
கீசரை அணைத்துப்போட்ட வீட்டில்
சிவப்புப் புள்ளிக் குழாய்தான் ஜில்லென்று இருக்கும்.
யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.
தோல் படித்த பாடம்.
குவளையை மட்டும் நான் வாங்கிப் பிடித்தேன்.

"நீலம் சூடு, சிவப்பு ஜில்" என்றாள்,
எனக்குத் தெரியாததைச் சொல்கிற முகத்தோடு.
மார்த்தாண்டத்தில் மாமா வீட்டில்
மாறி இருக்கும் என்றேன்.
"மாமா வீட்டுக் குழாய் தப்பா?"
தப்பில்லை, டிசம்பர் வந்தால்
நம் வீட்டுக் குழாயும் மாறிவிடும் என்றேன்.
பொய் என்று நினைத்தாள்.
நினைக்கட்டும். சோதித்துப் பார்க்க வேண்டியதுதானே?

பழைய காலண்டரைத் திருப்பிப் போட்டு
மாதத்துக்கு ஒரு கட்டம் வரைந்தோம்.
ஜூலையில் நீலக் கிரேயானால் ஒரு சூரியன்,
சிவப்புக் கிரேயானால் ஐஸ் குச்சி.
ஆகஸ்ட், அவளே வரைந்த கோணல் கட்டம்.
செப்டம்பர்.
அக்டோபரில் என் ஸ்கேல் நின்றது.
தாள் வராவிட்டால் எந்தக் குழாயடியில் இருப்போம்
அக்டோபரில்?
"வரை அப்பா."
வரைந்தேன்.
நவம்பர். டிசம்பர்.
கடைசிக் கட்டத்தை அவள் இன்னும் பெரிதாக்கச் சொன்னாள்,
பதில் அங்கேதான் எழுதணுமாம்.

குளியலறைக் கதவில் ஒட்டிவிட்டுத் திரும்பினால்
ஒட்டகம் தானாகவே கரைந்து வெளியே வந்து
சிறு குளத்தில் கிடக்கிறது.
எங்கள் இரண்டு பேருக்கும் கொஞ்சம் ஏமாற்றம்.

எட்டு மணிக்குப் பிரிஜிட் வந்தாள்,
புருவத்தில் தூசி, கணுக்காலில் வீக்கம்.
செருப்பைக் கழற்றவிடாமல் இழுத்துப்போனாள் மகள்:
"அம்மா, முகம் கழுவு. எந்தக் குழாய்?"
பிரிஜிட் பார்க்கக்கூட இல்லை,
கண்ணை மூடியபடியே சிவப்பைத் திருகினாள்.
"பாஸ்" என்று அறிவித்தார்கள் உள்ளேயிருந்து.

இரவு கூட்டும்போது
கட்டிலுக்கடியில் ஒரு ராஜ்மா,
ஒருக்களித்துப் படுத்திருந்தது.
யாரும் பார்க்காத நேரம்
விரலால் சுண்டினேன்.
கொஞ்ச தூரம்
ஓடத்தான் செய்தது.