கழிவு போக

பகலில் நான் லாரிகளை நிறுக்கிறேன்.
நெடுங்காட்டு முக்கில் எடை மேடை.
நெல்லோடு ஒரு சீட்டு, இறக்கி வந்தபின் ஒரு சீட்டு.
ஈரம் பதினேழைத் தாண்டினால் கழிவு.
அந்தச் சொல்லை
ஒரு நாளில் நாற்பது தடவை சொல்கிறேன்.

இருட்டியதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
நகைத் தராசை வெளியே எடுப்பேன்.
பிரெஞ்சு வெள்ளி. ஐந்து பிராங்க்.
பன்னிரண்டு கிராம்,
ஆயிரத்துக்கு எண்ணூற்று முப்பத்தைந்து.
கழிவு போகப் பத்து கிராம் சுத்தம்.
இத்தனை நேர்மையான நெல்லை நான் பார்த்ததில்லை.

காரைக்காலில் சொல்தா பென்ஷன் வாங்கிய வீடுகளில்
பீரோவுக்கு மேல், பிஸ்கட் டின்னில் கிடக்கும்.
மர்செலின் டீச்சர் பதினெட்டு கொடுத்தார், விசா செலவுக்கு.
கபீர் மரைக்காயர் ஒன்றே ஒன்று,
அதற்கு மூன்று நாள் பேரம்.
எந்தக் கப்பலில் வந்தது, யார் சட்டைப்பையில் என்று
சிலர் ஆரம்பிப்பார்கள்.
நான் தராசில் கடைசிப் புள்ளி நிற்கக் காத்திருப்பேன்.

விளிம்பைச் சுற்றி எழுத்து ஓடுகிறது:
சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவமாம்.
அரம் வைத்துப் பார்த்தால் ஓர் எழுத்து மழுங்கும்.
எது போனதென்று தெரியாது,
எனக்குப் பிரெஞ்சு வராது.

மேடையில் சிந்திய நெல்லைக் கூட்டி அள்ள வரும் குஞ்சம்மாள்
ஒருநாள் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள்.
ஒரு பெண். விதைப் பை. வீசிய கை. அடிவானில் சூரியன்.
"சீல எந்தப் பக்கம் பறக்குது பாரு.
காத்த மூஞ்சில வாங்கிக்கிட்டு வீசுறா,
வெத அவ மேலயேல்ல கொட்டும்!
எவன் இவளக் கூலிக்கு வச்சது?"
பத்து கிராம், என்றேன்.
"கூலியா?" என்றாள்.

ஐப்பசியில் விலை ஏறியது.
இருநூற்றுப் பதினொன்று. துணிப்பை. மழை.
பேரளம் வழி கும்பகோணம்.
உருக்குப் பட்டறையில் சாங்லிக்காரர் தானாஜி
ஒவ்வொன்றாகக் கல்லில் போட்டுக் கேட்டார்.
ஒன்று மட்டும் செருமியது.
என் பக்கம் தள்ளிவிட்டார். "நிக்கல்."

அதே பெண், அதே வீச்சு.
எழுபதுக்கு மேல் அவளில் வெள்ளி இல்லை.
டீச்சரின் பதினெட்டையும் மொத்தமாகக் கொட்டி நிறுத்தேன்,
இரண்டு கிராம் குறைந்தது.
தேய்மானம் என்று கழித்துக்கொண்டேன்.
இப்போது கையில்
வெள்ளியே இல்லாத பத்து கிராம்.

மூசையில் வெங்காரம் தூவினார்.
முதலில் சூரியன் போனது, பிறகு முகங்கள்.
கை கடைசிவரை தெரிந்தது,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.
கட்டி ஆறியதும் பென்சிலை எடுத்து,
"உருக்குக் கழிவு போக..." என்றார்.
ஒரு லாரிக்காரனைப்போல வாயைத் திறந்து
மூடிக்கொண்டேன்.

அந்த ஒன்று இப்போது
கம்ப்யூட்டர் மேசையின் குட்டைக் காலுக்கு அடியில்.
சரியான கனம். லாரி ஏறி மேடை அதிர்ந்தாலும்
மேசை ஆடுவதில்லை.
குஞ்சம்மாளிடம் சொல்லவில்லை.
வெளியே கூட்டிக்கொண்டிருக்கிறாள்,
காற்றுக்கு முதுகு காட்டி.