எத்தனை கோடு

டெலிபோன் துளை இல்க்வர்ஸின் அறையில் இருந்தது,
அதனால் மோடமும் அங்கே.
என் அறைக்கு ஒரு நீல வயர் வந்தது, பதினெட்டு மீட்டர்:
அலமாரிக்குப் பின்னால், ஓடு பதித்த கணப்பைச் சுற்றி,
நடையின் ஓரமாய், என் கதவுக்கு.
கதவடியில் நுழைக்க இடமில்லை.
லியபாயாவில் இலையுதிர் கால ஈரத்துக்கு
மரம் உப்பித் தரையை உரசும்.
நிலைக்கும் கதவுக்கும் நடுவில்தான் விட்டோம்.

ஆகவே ஐந்து வருடமாய் என் கதவு சாத்தவில்லை.

அந்த இடைவெளியில் மூரிஸ் வயிற்றை எக்கிப் போய்வந்தது.
சதகுப்பை போட்ட சூப்பின் வாசம் வந்தது,
துறைமுக வானிலை அறிக்கை, அவர் இருமல்,
இரவு மூன்று மணிக்கு ஒரு கோடு வெளிச்சம்.
பேச்சில் மிச்சமிருந்ததும் அப்படித்தான் வந்தது.
"உப்பு தீர்ந்துவிட்டது."
"சரி."

நவம்பரில் ரவுட்டர் வாங்கினேன்.
எனக்குக் கதவு வேண்டும் என்று சொல்லவில்லை.
சமையலறையிலும் உட்கார்ந்து பிழை திருத்தலாமே என்றேன்.
வெள்ளைப் பெட்டி, இரண்டு கொம்பு.
வயரைச் செருகினால் முடிந்தது என்றான் கடைப்பையன்.

முடியவில்லை.
பழையதும் புதியதும் தம்மை ஒரே எண்ணால் சொல்லிக்கொண்டன.
வருகிறவர்களுக்கு முகவரி கொடுப்பது நான்தான் என்றது அது,
நான்தான் என்றது இது.
ஓர் உறையில் இரண்டு கத்தி.
விளக்கெல்லாம் பச்சை, ஒரு பக்கம் திறக்கவில்லை.
இல்க்வர்ஸ் தரையில் மண்டியிட்டு
கையேட்டின் ரஷ்யப் பக்கத்தை விரல் வைத்துப் படித்தார்.
"ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும்" என்றார்.
எது என்று நான் கேட்கவில்லை.

புதியதன் எண்ணை மாற்றினார்.
முகவரி கொடுக்கும் வேலையை அதனிடமிருந்து பறித்தார்.
ஒற்றையாய் நின்ற துளையிலிருந்து வயரை உருவி
நான்கு துளை வரிசையில் செருகினார்.
பிறகு பெட்டியைத் தலைகீழாக்கி
அடியில் அச்சிட்ட கடவுச்சொல்லை
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எனக்குச் சொன்னார்,
ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் ஊர்ப்பெயர் வைத்து.
இழுவைக் கப்பலில் இருபத்தாறு வருடம் ரேடியோ பேசியவர்.
வீட்டில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.
நிதானம். சொல்லுக்குச் சொல் நிறுத்தம்.
எதிர்முனைக்கு இடம் விட்ட குரல்.

"எத்தனை கோடு?"
"ஒன்று."

கணப்புதான் காரணம். நூறு வருடச் செங்கல், உள்ளே இரும்பு.
அலமாரி மேல் வைத்தார். "இப்போது?"
"ஒன்று."
ஜன்னல் விளிம்பு. "போய்விட்டது."
ஸ்டூல் மேல் பெட்டி, பெட்டி மேல் அகராதி, அகராதி மேல் அது.
"இரண்டு. இல்லை, ஒன்று."
"சரியாகப் பார், வெல்கா."
என் பெயரை அவர் சொல்லி எத்தனை நாள் என்று
எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.
"மூன்று! அங்கேயே நில்லுங்கள்."
"இங்கே நிற்க முடியாது, இது கணப்பின் மேல்."

கடைசியில் நடையில், என் கதவுக்கு ஒரு முழம் தள்ளி,
கை நீட்டிப் பெட்டியைப் பிடித்தபடி நின்றார்.
பின்னால் நீல வயர் விறைத்திருந்தது.
நான்கு கோடு.
அங்கேயே ஆணி அடித்தார்.
மிச்ச வயரைச் சுருட்டி அதே ஆணியில் மாட்டினார்.

அன்று மாலை நான் கதவைச் சாத்தினேன்.
தோளால் தள்ள வேண்டியிருந்தது.
தாழ்ப்பாள் விழும் சத்தம் இப்படியிருக்கும் என்பது
மறந்துபோயிருந்தது.
சூப் வாசம் நின்றது. வானிலை அறிக்கை நின்றது.
மூரிஸ் வெளியே ஒருமுறை பிராண்டிவிட்டுப் போனது.
பக்கங்கள் தண்ணீராய்த் திறந்தன,
உருளைக்கிழங்கு நோய் பற்றிய கட்டுரையில்
ஒரே வரியை நான்கு முறை திருத்தினேன்.

அப்போது, மரத்துக்கு மிக அருகில்,
"எத்தனை கோடு?" என்றது அந்தக் குரல்.

நான்கும் நிறைந்து நின்றன.

"ஒன்று" என்றேன்.

நடையில் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது.