உற்பத்தி மூலம்

கிளிநொச்சிக் கச்சேரி மேல்மாடியில்
நான் கூலிக்கு வாய் மாற்றுகிறவன்.
கொழும்பிலிருந்து வந்தவர் ஒரு வசனம் சொல்வார்,
அதைத் தூக்கி இந்தப் பக்கம் வைப்பேன்.
நாடுகளுக்கிடையில் தீர்வை படிப்படியாகக் குறையும்.
வைத்தேன்.
பத்து வருடத்தில் பூச்சியம்.
வைத்தேன்.
மின்விசிறி தலையாட்டிக்கொண்டிருந்தது.
வேறு ஒருவரும் ஆட்டவில்லை.

எதிர்மறைப் பட்டியல் என்றபோதுதான்
பின்வரிசையில் ஒரு கை எழுந்தது.
தில்லைமலர், முறிகண்டி, கச்சான் வியாபாரம்.
"பட்டியல் எண்டால் எங்களுக்குத் தெரியும், தம்பி.
பற்றறி, சவர்க்காரம், சீமெந்து, யூரியா.
அதிலை பேர் இருந்தால் ஓமந்தை தாண்டி வராது.
இது எந்தப் பட்டியல்?"

இதில் பேர் இருந்தால்தான் காப்பாற்றப்படும் என்றேன்.
கொஞ்சம் யோசித்தா.
"அப்ப கச்சான் இருக்கோ?"

அவர் கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார்.
பேச்சுவார்த்தை நடக்கிறது என்றார்.
வைத்தேன்.
அது கீழே விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

பிறகு உற்பத்தி மூல விதிகள்:
ஒரு பொருள் எந்த நாட்டின் பிள்ளை என்று
வீதம் போட்டுக் கண்டுபிடிக்கிற கணக்கு.
அவ இருக்கவேயில்லை, நின்றபடியே கேட்டா:
"விதை போன வருசம் அக்கரையாலை வந்தது.
தண்ணி இரணைமடு.
சரை சுத்துற கடதாசி ஆற்றையோ பள்ளிக்கூடக் கொப்பி.
மண் என்ரை; அதுவும்
மிதிவெடி எடுக்கிற பெடியள்
சிவப்புத் தடியளைப் பிடுங்கின பிறகுதான் என்ரை.
இதிலை எத்தினை வீதம் இலங்கை?"

விதையைக் கொண்டுபோனேன். தண்ணீரை, கடதாசியை.
மிதிவெடியை வழியில் விட்டுவிட்டேன்.
சாப்பாட்டுப் பார்சல் வந்திருந்தது,
எல்லோரும் கதிரையை இழுக்கத் தொடங்கியிருந்தார்கள்.
நல்ல கேள்வி, குறித்துக்கொள்கிறோம் என்றார் அவர்.

பின்னேரம் அவர்களுடைய வாகனத்தில்
வவுனியா வரை எனக்கும் ஒரு இடம்.
முறிகண்டியில் எல்லோரும் இறங்குகிற மாதிரி இறங்கி,
தேங்காய் உடைத்து,
கச்சான் கடைக்கு வந்தோம்.
தில்லைமலர் இன்னும் பஸ்ஸில்.
மகள் நின்றாள், கண் அவவின் கண்.
ஊர்க் கச்சானோ என்று கேட்கச் சொன்னார்.
கேட்டேன்.
"ரெண்டும் கலந்தது" என்றாள் பெட்டை.
ஊர்க் கச்சான்தான், ஐயா என்று
அவருடைய மொழியில் சொன்னேன்.
இன்னும் இரண்டு சரை வாங்கினார்.

மாங்குளம், புளியங்குளம்.
மடியில் தோல் சேர்ந்துகொண்டே வந்தது.
ஓமந்தையில் சாரதி வேகத்தைக் குறைக்கவில்லை,
குறைக்க அங்கே ஒன்றும் இல்லை.
என் வலது கால் மட்டும்
பின்சீற்றில் இல்லாத பிரேக்கை
ஒருமுறை மிதித்தது.