சாம்பிள் எண் 412

தட்டுவடை செட் நாலு ப்ளேட் காலியாகியும்
வச்சிரானியம் வளையவில்லை.
அம்மாபேட்டையில் மழை விட்டிருந்த ராத்திரி அது.

சித்தேஸ்வரன் வாய் நிறைய பீட்ரூட்டோடு சொன்னான்:
"சூரியனுக்குள்ளே போட்டாலும் உருகாது.
பதினேழாம் இதழில் போட்டே காட்டினார்கள்."
"உருகாததை எந்த அச்சில் ஊற்றினார்கள்?" என்றாள் நஸ்ரின்.
"ஊற்றவில்லை. வானத்திலிருந்து விழுந்தது."
"கேடயமாகவேவா?
சரி, கைப்பிடிக்கு ஓட்டை போட்டது யார்?
என்ன ட்ரில் பிட்? எத்தனை எம்எம்?"
கடைக்காரர் சட்னிக் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி
பதிலுக்குக் காத்திருந்தார்.

நான் காரிருளியத்தின் கட்சி.
அது தேயும்;
தேய்ந்ததை நிலவில் காயவைத்தால் மறுபடி வளரும்.
"அது உலோகமா, வெண்டைச் செடியா?" என்றான் சித்தேஸ்வரன்.

கந்தம்பட்டி லேபில்
இரும்பை இழுத்து அறுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
இரண்டு முனையையும் தாடைகளுக்குக் கவ்வக் கொடுத்துவிட்டு
முள் ஏறுவதைப் பார்த்திருப்பேன்.
முதலில் இடுப்பு மெலியும்.
கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது.
அப்புறம், பக்கத்து வீட்டில் யாரோ கோபித்துக்கொண்டு
கதவை அறைந்தது போல.
அறுந்தால்தான் சர்டிஃபிகேட்.
அறாததற்கு என் நோட்டில் கட்டமே கிடையாது.

"கஞ்சமலையை அடிவரை தோண்டினாலும்
அப்படியொரு கல் கிடைக்காதுடா" என்றேன்.
"என் சாமி மலையை இதில் இழுக்காதே."
சொல்லிவிட்டு வலது தொடையைத் தட்டினான்.
ஓமலூர் பைபாஸ், பால் லாரி,
ஒரு தகடு, எட்டு ஸ்க்ரூ.
"மூணு வருஷம். இது உடைந்ததா?"

நஸ்ரின் பிசியோதெரபிஸ்ட்.
விரலில் ஒட்டிய காரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
"அதனால்தான் கழற்றச் சொல்கிறார்கள்.
பாரத்தையெல்லாம் தகடே வாங்கிக்கொண்டால்
அடியில் இருக்கிற எலும்பு
வேலையில்லாமல் மெலிந்துவிடும்."

யாரும் பேசவில்லை.
கடைக்காரர் கேட்காமலே இன்னொரு செட் வைத்தார்.

ஐப்பசியில் கழற்றினார்கள்.
ஊன்றுகோலோடு லேபுக்கு வந்து
மாத்திரை டப்பாவை என் மேஜையில் கவிழ்த்தான்.
"இழு" என்றான்.

இழுத்தேன்.
தகடு குட்டை, வழவழப்பு வேறு.
தாடைக்குப் பிடி கிடைக்கவில்லை.
மூன்று முறையும் வழுக்கி வெளியே வந்தது,
ஓரத்தில் பல் பதிந்த தடத்தோடு.
'அறுந்தது' என்ற கட்டத்தை அடித்துவிட்டு
'நழுவியது' என்று எழுதினேன்.

அதைத் தன் வெற்றி என்கிறான் அவன்.
மெஷினின் தோல்வி என்கிறாள் நஸ்ரின்.
பதினெட்டாம் இதழ் வரும்வரை இது ஓடும்.

மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டிய மேனேஜர்
நானூற்றுப் பன்னிரண்டில் விரலை வைத்தார்:
"இது எந்தக் கம்பெனி சரக்கு?"

வலது தொடை, சார்.