ஒற்றை வெள்ளை

சேவலை விற்றவர் சுங்கை ஆராவில் டயர் கடை வைத்திருக்கிறார்.
"சுத்த வெள்ளை தங்கச்சி, ஏழு தலைமுறையாய்" என்றார்.
வீடு வரும் வழியெல்லாம் அது
மைவியின் பின்சீட்டில் எச்சமிட்டது.
அந்த எச்சத்தில்தான் முதலில் இரண்டு நிறம் பார்த்தேன்.

பாலிக் புலாவில், ரம்புத்தான் மரத்தடிக் கூண்டில்
நாலு கறுப்புப் பெட்டைகள்.
பழைய ஐஸ் பெட்டிக்குள் நாற்பது வாட் பல்பு,
அதுதான் இன்குபேட்டர்.
இருபத்து மூன்று முட்டை வைத்தேன்.
சேவலிடம் வெள்ளை இரட்டையாய் இருந்தால்
எல்லாக் குஞ்சும் மஞ்சளாய்ப் பொரியும்.
ஒற்றையாய் இருந்தால் பாதிக்குப் பாதி.
சாட்சி வேண்டாம், சூடம் அணைத்துச் சத்தியம் வேண்டாம்,
இருபத்தொரு நாள் போதும்.

இரவு ஷிப்ட், பாயான் லெப்பாஸ்.
காற்று அடிக்கும் அறையில் இரண்டு முறை சுற்றி
வெள்ளை அங்கிக்குள் நுழைகிறோம்.
நேப்பாளத்து சரிதா, கெடாவின் நோராய்னி, நான்:
எல்லோரும் வெள்ளை.
கண்கள் மட்டும் கசிந்திருக்கும்.
என் வேலை கறுப்புப் புள்ளி தேடுவது.
லென்ஸின் கீழ் ஒன்று தென்பட்டால்
தட்டோடு தள்ளிவிட வேண்டும்.
ஏன் வந்தது என்று கேட்பது
வேறு பிரிவின் வேலை.

இருபத்தொன்றாம் நாள் காலை
அங்கியின் தடம் நெற்றியில் அழியாமல்
பெட்டியைத் திறந்தேன்.
பத்தொன்பது பொரிந்திருந்தன.
மஞ்சள் பதினொன்று.
கறுப்பு எட்டு.

டயர் கடைக்குப் போன் போட்டேன்.
"உன் பெட்டையில்தான் கோளாறு" என்றார்.
கோழியிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

என் மகள் பிறந்த அன்று நாத்தனார் ஜெபமாலை
காதோரத்தைத் திருப்பிப் பார்த்தாள்.
"மாநிறம் வரும்" என்றாள்,
பரீட்சை முடிவு வாசிக்கிறவள் மாதிரி.
கறுப்புக் குஞ்சுகளை ஒவ்வொன்றாய்க் கையில் எடுத்து
நானும் காதோரம் தேடினேன்.
கோழிக்குக் காது தூவிக்குள் இருக்கிறது.
யாருக்கும் எதுவும் சொல்லாது.

மூன்று மாதத்தில் மஞ்சள் உதிர்ந்து வெள்ளை முளைத்தது.
வெள்ளைதான்; ஆனால் யாரோ பேனாவை உதறியதுபோல்
வாலில் ஒரு துளி, கழுத்தில் இரண்டு.
சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று,
மழை வலுத்தால்
பழைய தேர்தல் சின்னம் எட்டிப் பார்க்கிறது.
ஒருத்திக்கு மட்டும் நெஞ்சில் செம்பு.
இந்த வெள்ளை கறுப்பைத்தான் மூடும்.
சிவப்பை மூட அதற்குத் தெரியாது.

கறுப்புத் தண்ணீர் என்று பெயர் வைத்த ஊரிலிருந்து,
ஆயர் ஈத்தாமிலிருந்து,
வெள்ளைக் கோழி கேட்டு கூ தெய்க் பெங் வந்தார்.
கைப்பேசி விளக்கடித்து இறக்கை இறக்கையாய் விரித்தார்.
புள்ளி ஒன்றுக்கு ஐந்து ரிங்கிட் கழிவு.
அவருக்கும் எனக்கும் ஒரே உத்தியோகம்.
கழித்துக் கழித்து
ஏழு கோழிக்கு இருநூற்றுப் பத்து எண்ணி வைத்தார்.
செம்பு நெஞ்சுக்காரி வேண்டாம் என்றார்.
நானும் தருவதாய் இல்லை.

சேவலை அவளோடு விட்டிருக்கிறேன்.
நாலில் ஒன்று இரட்டை வெள்ளையாய் வரலாம்.
எது என்று பார்த்துச் சொல்ல முடியாது;
வளர்த்து, மறுபடி கறுப்போடு சேர்த்து,
மறுபடி இருபத்தொரு நாள்.
இந்தக் கறுப்பு எட்டையும் சோதிக்க வேண்டியதில்லை.
அவற்றிடம் அந்த வெள்ளை ஒளிந்திருக்கவில்லை.
இல்லவே இல்லை.

நேற்று எனக்கு விடுமுறை. மின்சாரம் போயிற்று.
முட்டைப் பெட்டிமேல் கம்பளியைப் போர்த்திவிட்டு
கூண்டருகே வந்து நின்றேன்.
வெள்ளைகளைக் கண்ணால் எண்ணினேன்.
கறுப்புகளுக்காகக் கையை உள்ளே விட்டேன்.
சூடு, இன்னொரு சூடு, ஒரு கொத்து,
ஒன்றின் மேல் ஒன்றாய் இரண்டு.
எண்ணிக்கை தப்பி
முதலிலிருந்து தொடங்கினேன்.